பொட்டு வைத்த சர்வர்

எங்கள் ஸ்டூடியோவின் பின்னறையில் ஒரே மேசைக்கு அடியில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. கறுப்பாக, கனமாக, முகத்தில் கம்பிவலை போட்டிருப்பது கம்பெனி சர்வர். அது என் கணவரின் செல்லம். பக்கத்தில் பக்கவாட்டுப் பலகை இல்லாமல், வயிறு திறந்தபடி ஓடிக்கொண்டிருப்பது நான் ஒவ்வொரு பார்ட்டாக வாங்கி மாட்டிய அசெம்பிள்டு மெஷின். "எதுக்கு ரெண்டு?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுவோம். கேட்டவர் காபி குடித்துவிட்டுக் கிளம்புகிற வரைக்கும் பேச்சு ஓயாது.

தேரடி வீதியில் எங்கள் ஸ்டூடியோ. அவர் போட்டோ எடுப்பார், நான் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பார்ப்பேன். படித்த படிப்பு அது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடை திறப்பு என்று எடுத்த படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்க வேண்டும், மூன்று மேசையிலிருந்தும் எடுத்து வேலை செய்ய வேண்டும். அதற்காகத்தான் சர்வர். முதலில் இருந்தது ஒரு அசெம்பிள்டு பெட்டி. அதைப் பற்றி இப்போது நான் பெருமையாகப் பேசினாலும் அன்றைக்கு அது படுத்திய பாடு கொஞ்ச நஞ்சமில்லை. சித்திரை வெயிலில் பாதி காப்பி ஆகும்போதே அணைந்துவிடும். ஒரு வைகாசி முகூர்த்தத்தன்று பவர் சப்ளை புகை விட்டது. விற்ற கடைக்காரரிடம் போனால் போர்டு மேல் பழி, போர்டு கடைக்காரரிடம் போனால் கரண்ட் மேல் பழி. "நாலு கடைப் பொருள வெச்சா நாலு பேரும் கைய விரிப்பாங்க. ஒரே கம்பெனின்னா ஒருத்தன் சட்டையப் புடிக்கலாம்" என்றார் இவர்.

அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கம்பெனி சர்வர் வந்தது. விலையைக் கேட்டு நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்தக் காசில் நான் மூன்று மெஷின் மாட்டியிருப்பேன்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். அது நல்ல மெஷின். இரட்டைப் பவர் சப்ளை. அதில் ஒன்று போனபோது வேலூரிலிருந்து கம்பெனி ஆள் வந்து, மெஷினை அணைக்காமலேயே பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினார். முன்னால் உட்கார்ந்து ஆல்பம் பண்ணிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். உள்ளே நான்கு டிஸ்க். படங்களை நான்கிலும் பிரித்துப் பிரித்து எழுதும். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து ஈடு கட்டிவிடும். அந்தப் பிரித்து எழுதுகிற வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் ஒரு கார்டு.

ஆனால் அதற்கு இருக்கிற திமிர் இருக்கிறதே! ஒருமுறை ஒரு டிஸ்க் போயிற்று. மூன்றில் ஒரு பங்கு விலையில் கடையில் அதே அளவு டிஸ்க் கிடைத்தது, வாங்கி மாட்டினேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. கம்பெனி முத்திரை இல்லாத டிஸ்க் என்று தெரிந்ததும் எல்லா ஃபேனும் முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டன. ரைஸ் மில் சத்தம். முன்னால் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். கடைசியில் கம்பெனி டிஸ்க்கையே வாங்கிப் போட்டபிறகுதான் மூச்சு விட்டு அமைதியானது. வீட்டிலிருந்தபடி அதன் திரையைப் பார்க்க வேண்டுமா, அதற்குத் தனி லைசென்ஸ். உள்ளே இருக்கிற சாஃப்ட்வேரைப் புதுப்பிக்க வேண்டுமா, வருஷா வருஷம் காண்டிராக்ட் கட்டியிருக்க வேண்டும். நாம் காசு கொடுத்து வாங்கிய வீட்டில் ஒவ்வொரு கதவுக்கும் சாவியை விற்றவரே வைத்திருக்கிறார் என்று நான் கத்துவேன். "யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுவாங்களா?" என்பார் இவர். சொல்லிவிட்டு அதன் தலையில் படிந்த தூசியைத் துணியால் துடைப்பார்.

ஆயுத பூஜையன்று அதற்கு நடக்கும் உபசாரத்தைப் பார்க்க வேண்டும். கேமராக்களுக்கெல்லாம் ஒரு சின்னச் சந்தனப் புள்ளியோடு சரி. சர்வருக்கு மட்டும் சந்தனத்தைக் குழைத்து, குங்குமம் வைத்து, கதம்பம் சாத்துவார். முன்பக்கம் சரியாக நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பட்டை இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். வருஷா வருஷம் அதன்மேல்தான் பொட்டு. பழையது காய்ந்து ஒட்டியிருக்கும், அதன்மேல் புதியது. அவர் வைக்காவிட்டால் நான் வைத்திருப்பேன். அந்த இடத்தைப் பார்த்தால் எவருக்கும் கை போகும்.

கம்பெனி காண்டிராக்ட் மூன்று வருஷத்தில் முடிந்தது. நீட்டிக்கக் கேட்ட தொகையைப் பார்த்து இவரே மூக்கால் அழுதார். மெஷின்தான் நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிட்டோம்.

இனி எங்கள் ஆல்பம் பண்ணும் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். எங்களிடம் வந்து பல வருஷம் ஆகிறது. இந்த ஊரின் கல்யாண ஆல்பங்களில் பாதியை அவள்தான் பண்ணியிருப்பாள். அவள் கை படாமல் எந்தப் பெண்ணும் மணப்பெண் ஆனதில்லை என்று நான் கேலி செய்வேன். மூக்குத்தி மினுங்க வைப்பாள், வியர்வையைத் துடைப்பாள், அழுத கண்ணைத் தெளிய வைப்பாள். படத்தின் ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பவர்களை இரக்கமே இல்லாமல் வெட்டுவாள். "ஆல்பத்துல ஓரம் சுத்தமா இருக்கணும்கா" என்பது அவள் கொள்கை. எனக்கு அவள் வேலைக்காரி இல்லை. தங்கை என்று சொன்னால் என் சொந்தத் தங்கை கோபித்துக்கொள்வாள், ஆனாலும் அதுதான் உண்மை.

அவளுக்குக் கல்யாணம் வந்தது. அவளே தேர்ந்தெடுத்த பையன். பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவன், நல்ல பிள்ளை. அவளுடைய அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மணிலா என்கிற நிலக்கடலை போடுகிற விவசாயி, அதிகம் பேசாத மனிதர், ஆனால் சொன்னால் சொன்னதுதான். "அந்த மண்டபத்துல கால் வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அம்மாவும் தாய்மாமனும் மட்டும் வந்து நடத்தி வைத்தார்கள். அவலூர்ப்பேட்டை ரோட்டில் ஒரு சின்ன மண்டபம். மணமேடையில் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். தாலி ஏறியபிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

படம் எடுத்தது இவர்தான். வேறு யாரையும் விடவில்லை. அன்று சாயந்திரமே எல்லாவற்றையும் சர்வரில் ஏற்றிவிட்டு மெமரி கார்டுகளை அழித்துவிட்டோம். முகூர்த்த மாதத்தில் அப்படித்தான் செய்வோம், மறுநாள் விடியற்காலை அதே கார்டுகள் இன்னொரு மண்டபத்துக்குப் போயாக வேண்டும். வெளி டிஸ்க்கில் இன்னொரு காப்பி போடுவது செவ்வாய்க்கிழமை, கடை லீவு அன்று. "என் ஆல்பத்த நான்தான் பண்ணுவேன், யாரும் தொறந்து பார்க்கக் கூடாது" என்று அவள் கண்டிஷன் போட்டிருந்ததால் நான் ஒரு படத்தைக்கூடத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்வர் எழுந்திருக்கவில்லை.

விளக்கெல்லாம் எரிந்தது, ஃபேன் ஓடியது. திரையில் மட்டும் டிஸ்க் ஒன்றுமே இல்லை என்று வந்தது. கழற்றிப் பார்த்தேன், மாட்டிப் பார்த்தேன். நான்கு டிஸ்க்கும் நன்றாக இருந்தன. அவற்றைப் பிரித்து எழுதுகிற அந்தக் கார்டுதான் செத்திருந்தது. ஒரு டிஸ்க்கை எடுத்து என்னுடைய சாதாரணக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். அது, இந்த டிஸ்க்கில் எனக்குப் புரிகிற மாதிரி ஒன்றும் இல்லை, அழித்துப் புதிதாக ஆக்கட்டுமா என்று கேட்டது. கேட்ட வேகத்தில் வயரைப் பிடுங்கிவிட்டேன். படங்கள் அதற்குள்தான் இருந்தன. எழுதின கார்டைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாத விதத்தில் இருந்தன. விற்கும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை.

மற்ற படங்களுக்கெல்லாம் பழைய காப்பி இருந்தது. அந்த வாரத்துப் படங்களுக்கு மட்டும் இல்லை. இன்னொரு குடும்பத்தின் காதுகுத்து ஒன்று, பிறகு அவளுடைய கல்யாணம். காதுகுத்துக்காரர்கள் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். அவளுடைய கல்யாணம் போனால் எங்கே போய் மறுபடியும் எடுப்பது?

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினாள்.

"மெஷின் முன்னாடி ஒரு சின்னப் பட்டை இருக்கும் மேடம். அதுல சர்வீஸ் நம்பர் இருக்கும். அதச் சொல்லுங்க."

நான் மெஷினைப் பார்த்தேன். பட்டை இருந்தது. அதன்மேல் பல ஆயுத பூஜைகளின் சந்தனம், குங்குமம். ஈரத் துணியால் துடைத்தேன். பொட்டு போயிற்று, அதோடு எழுத்தும் போயிற்று. மங்கலாக மஞ்சள் கறை மட்டும் மிஞ்சியது.

"நம்பர் இல்லாம கம்ப்ளெயின்ட் எடுக்க முடியாதுங்க மேடம்."

"அம்மா, மெஷின் என் எதிர்லயே உக்காந்துனு இருக்குதும்மா. அது உங்க மெஷின்தான், பேரு பெருசா போட்டிருக்குது!"

"புரியுது மேடம். நம்பர் வேணும் மேடம்."

கணவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். பிறகு ஏணியை எடுத்துப் பரண்மேல் ஏறினார். எங்கள் வீட்டில் அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிகிற பழக்கம் கிடையாது. சர்வர் வந்த பெட்டிக்குள் கொலு பொம்மைகள் இருந்தன. செட்டியாரையும் மனைவியையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளிலிருந்து நம்பரை வாசித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

நம்பரைக் கேட்டுக்கொண்டு அந்தப் பெண் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். அந்த மாடலுக்கு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கார்டு இப்போது வருவதில்லை. புது மாடல் வாங்கலாம், ஆனால் பழைய டிஸ்க்குகளை அது படிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அவள்மேல் தப்பில்லை. என்ன எழுதிக் கொடுத்திருந்தார்களோ அதைத்தான் வாசித்தாள். போனை வைத்துவிட்டு நான் கத்திய கத்தலில் எதிர் வரிசைப் பாத்திரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் கல்யாணப் பெண் வந்து நின்றாள். புதுத் தாலி, மஞ்சள் வாடை போகாத புடவை, கையில் இனிப்பு டப்பா. பிரித்துப் போட்ட சர்வரையும் என் முகத்தையும் பார்த்தாள். மறைக்க எனக்குத் தெரியாது. தவளை தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கேட்டுக்கொண்டு நின்றவள், "விடுங்கக்கா, தாலி கழுத்துலதான இருக்குது" என்றாள். பிறகு தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "எல்லாருக்கும் பண்ணேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். 

அவள் போனபிறகு இவர் சொன்னார். "செங்கம் ரோட்டு லாட்ஜுல இதே மெஷின் இருக்குது."

ஆசிரமம் பக்கம் ஒரு லாட்ஜ். அதன் திறப்பு விழாவுக்குப் படம் எடுக்கப் போனவர், படம் எடுத்தோமா வந்தோமா என்று இல்லாமல், "கம்பெனி சர்வர் வாங்குங்க, அசெம்பிள் பக்கமே போகாதீங்க" என்று அவர்களுக்கு உபதேசம் செய்துவிட்டு வந்தார். அவர்களும் அதே டீலரிடம் அதே மாடலை வாங்கிவிட்டார்கள். அப்போது நான் அவரைக் கம்பெனியின் சம்பளமில்லாத சேல்ஸ்மேன் என்று ஒரு வாரம் கேலி செய்திருந்தேன். இப்போது அந்த லாட்ஜின் மெஷினில் நம் டிஸ்க்குகளைச் செருகினால், அதே இனக் கார்டு, படித்தாலும் படிக்கும்.

போன் செய்தார். மேனேஜர் பதறிவிட்டார். "நாளைக்குப் பௌர்ணமி கிரிவலங்க. ரூமெல்லாம் ஃபுல்லு. புக்கிங், கேமரா எல்லாம் அதுலதான் ஓடுது. கூட்டம் போவட்டும், மறுநாள் மத்தியானம் வாங்க." வேறு யாராக இருந்தாலும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பௌர்ணமி ஒருவழியாகப் போயிற்று. மறுநாள் மதியம் நான்கு டிஸ்க்குகளையும் உருவினேன். வரிசை மாறக் கூடாது என்பதால் முதல் டிஸ்க்கில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு, இரண்டாவதில் இரண்டு என்று என் நெற்றிக்கு வைத்திருந்ததையே ஒட்டினேன். "நான் வெச்சா குத்தம், நீ வெச்சா டெக்னிக்கு" என்றார் இவர். துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்தோம். கிரிவலம் முடித்தவர்கள் இன்னும் தெருவெல்லாம் நிறைந்திருந்தார்கள். ஆட்டோ நகர வழியில்லை. நடந்தே போனோம். பையை அவர் தோளில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகும்போது, என்னைப் பார்க்காமலேயே சொன்னார். "அவங்க அப்பா வந்திருந்தாரு."

"யாரோட அப்பா? எங்க?"

"கல்யாணத்துக்கு."

நான் நடு ரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒரு அம்மா என்மேல் மோதிக்கொண்டு, "ஓரமா நில்லும்மா" என்று நகர்த்தினார்.

"தாலி கட்ற நேரத்துல பின்னாடி தூண் கிட்ட நின்னுனு இருந்தாரு. லென்ஸ்ல தெரிஞ்சாரு. எடுத்துட்டேன். அப்புறம் வெளிய ஓடிப் போயி புடிச்சேன். பந்திக்கு வாங்கன்னு கூப்ட்டேன். வரல. ‘நான் வந்தேன்னு யாருகிட்டயும் சொல்லாத தம்பி’ன்னு கையப் புடிச்சிக்கினாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்ல மாட்டேன்னேன்."

"இப்ப என்கிட்ட சொல்றீங்க?"

"நீ யாரோவா?" என்றார்.  இத்தனை வருஷத்தில் இந்தக் கல்லுளிமங்கன் எனக்குக் கொடுத்த நகை எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "அவகிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"வாக்கு குடுத்துட்டேனே. ஆனா சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். காட்ட மாட்டேன்னு சொல்லல. ஆல்பம் அவதான பண்ணப் போறா. அவளே பார்த்துப்பான்னு இருந்தேன்."

"படம் வரலன்னா?"

பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "வரலன்னா நான் வாயத் தொறக்க முடியாது. நீயும் தொறக்கக் கூடாது."

 ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மெஷினுக்காக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லாட்ஜில் சர்வர் மாடிப்படிக்குக் கீழே ஒரு கூண்டுக்குள் இருந்தது. அதன் நெற்றிப் பட்டையிலும் கெட்டியாகச் சந்தனப் பொட்டு. நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். "நான்தான் சொன்னேன், ஆயுத பூஜைக்கு வெக்கச் சொல்லி" என்றார் மெதுவாக.

மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். "எவ்ளோ நேரம் ஆவுங்க? ஜாஸ்தி ஆவுமா?" என்று ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒருமுறை கேட்டார். அவர்களுடைய டிஸ்க்குகளுக்கு வேறு நிறப் பொட்டு ஒட்டி வரிசையாக வெளியே வைத்தேன். எங்களுடையதைச் செருகினேன். கிளிக் என்று ஒவ்வொன்றும் போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் மட்டும் கம்பெனிப் பொருளுக்கே உரியது, அசெம்பிளில் வராது.

மெஷினைப் போட்டேன். திரை கறுப்பாக இருந்தது. பிறகு எழுத்து வந்தது. வேறு மெஷினில் எழுதப்பட்ட டிஸ்க்குகள் வந்திருக்கின்றன, இவற்றை ஏற்றுக்கொள்ளட்டுமா, அல்லது அழித்துவிடட்டுமா? இரண்டு பதிலும் பக்கத்தில் பக்கத்தில். ஏற்றுக்கொள் என்பதில் அம்பை வைத்துவிட்டு மூன்று தடவை வாசித்தேன். இவர் தோள் வழியாக எட்டிப் பார்த்து, "சரியா இருக்குதா?" என்றார். "வாய மூடுங்க" என்றேன். மேனேஜரும் வாயை மூடிக்கொண்டார். அழுத்தினேன்.

ஏற்றுக்கொண்டது. நான்கு பச்சை விளக்குகளும் வரிசையாக எரிந்தன. ஒரு சாதாரணக் கடை டிஸ்க்கை வெளியிலிருந்து மாட்டி, முதலில் அவள் கல்யாணத்தைத்தான் காப்பி போட்டேன். கோடு மெல்ல மெல்ல நகர்ந்து முடிந்தபோது படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் முதுகுப்பையோடு இறங்கி வந்தவர், என்னைத் தாண்டத் தெரியாமல் நின்றார். மேனேஜர் எல்லோருக்கும் காபி சொன்னார்.

"பார்த்தியா, கம்பெனி பொருள். பொட்டிதான் போச்சு, உள்ள இருந்தது எங்கயும் போவல" என்றார் இவர்.

"அசெம்பிளா இருந்தா ஞாயித்துக்கிழமையே எடுத்திருப்பேன். லாட்ஜ் லாட்ஜா பிச்சை எடுத்திருக்க வேணாம்."

"அசெம்பிளா இருந்தா வைகாசியிலயே புகை வந்திருக்கும்."

இரண்டும் உண்மைதான். அதனால்தான் இன்றைக்கு மேசைக்கடியில் இரண்டும் இருக்கின்றன. அவருடையது உழைக்கிறது. எங்கிருந்தோ பழைய கார்டு ஒன்று தேடி வாங்கிப் போட்டுவிட்டார். அதற்குப்பிறகு நான் மாட்டிய என்னுடையது, எழுதுவதை எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கிற மாதிரி எழுதி வைக்கிறது. காப்பி தினமும் போகிறது, செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருப்பதில்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு பக்கவாட்டில்.

லாட்ஜுக்குப் போய்வந்த மறுநாள் காலை அவள் வந்தாள். அவள் மேசைக்குப் படங்களை ஏற்றிவிட்டு, "எல்லாம் இருக்குது, பாரு" என்றேன். அதற்குமேல் என்னை அடக்குவதற்கு இவர் கண்ணாலேயே மிரட்ட வேண்டியிருந்தது. தண்ணீர் கொடுக்கப் போனேன், விசிறி போடப் போனேன், போட்டதை அணைக்கப் போனேன். "என்னாக்கா இன்னிக்கி?" என்றாள் அவள். இவர் வாசல் பக்கம் நின்று, சுத்தமாக இருந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் தன் படங்களை மற்றவர்களின் படங்களைப் போலவேதான் பார்த்தாள். மூக்குத்தியைப் பெரிதாக்கினாள், புடவை மடிப்பைச் சரிபார்த்தாள், மாப்பிள்ளையின் கலைந்த முடிக்கு "ச்சே" என்றாள். தாலி கட்டும் படம் வந்தது. அகலமான படம். மேடை, ஹோமப் புகை, அட்சதை வீசும் கைகள், பின்னால் தூண்கள். ஓரம் சுத்தமாக இருக்க வேண்டுமே. வெட்டும் கட்டத்தை வலது ஓரத்திலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தாள். தூண் பாதி போயிற்று. நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

கட்டம் நின்றது.

கொஞ்சம் பின்னால் போயிற்று. அவள் படத்தைப் பெரிதாக்கினாள், மறுபடியும் பெரிதாக்கினாள். தூணுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை. இஸ்திரி போட்ட சட்டை. மேடையைப் பார்த்த முகம். வலது கை மேலே தூக்கி விரிந்திருந்தது. அந்தக் கையில் ஒன்றும் இல்லை. அட்சதையைப் போட்டு முடித்திருந்தார்.

அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லல" என்றார் இவர், லென்ஸைப் பார்த்துக்கொண்டே. 

அவள் கட்டத்தை எடுத்துவிட்டாள். போனை எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு எடுத்தார்கள்.   

"சாப்டாமலே போயிட்டியேப்பா."

என்ன பதில் வந்தது என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள், போனில் தலையாட்டினால் தெரியாது என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "அண்ணன் சொல்லலப்பா. நானே பார்த்தேன்" என்றாள். மறுபடியும் அவர் பேசுவதைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"சரிப்பா. ஞாயித்துக்கிழமை வரோம். ரெண்டு பேருமே வரோம்."